மேற்குச் சுவர்

மேற்குச் சுவரை அடியோடு இறக்கச் சொன்னது ராசாத்தாள்தான். கொத்தனார் கண்ணையா வேண்டாம் என்றுதான் சொன்னார்.

"மேல மூணடிதானுங்க்கா சாஞ்சிருக்குது. அத மட்டும் எறக்கிப்போட்டு மறுக்கா ஏத்திக்கலாமுங்க. கீழ பாருங்க, மலையாட்டம் நிக்குது" என்று சுவரை உள்ளங்கையால் தட்டியும் காட்டினார்.

ராசாத்தாள் கேட்கவில்லை. "நாளைக்கு ஆபீசர் அளக்க வாராருங்க. மூளிச் செவுத்துக்கு அடியில அவரக் கொண்டு போய் எப்படீங்க நிக்க வெக்கறது? ஒரு கல்லு தலைமேல உழுந்தா ஆரு பதில் சொல்றது? சுத்தமா எறக்கிருங்க" என்றாள்.

பொழுது சாய்வதற்குள் சுவர் தரையோடு தரையாகிவிட்டது. அவள் அதோடு நிற்கவில்லை. காற்றில் விழுந்த கிழக்குச் சுவரின் கல்லையும் இதோடு சேர்த்து, ஒட்டியிருந்த சாந்தைக் கொத்தி எடுத்து, நூறு நூறாக அடுக்கி, இடத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். மறுநாள் காலையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கழுவி மேற்கு ஓரத்து மர நிழலில் போட்டாள். மோர் கலக்கி, கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, தட்டால் மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஊட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று அவளுக்குப் பிறந்த ஊரான கொடுமுடிப் பக்கத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆபீசர் வருகிறார் என்றால் எதையும் தொடாதே, கிடக்கிறபடியே கிடக்கட்டும் என்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை.

ராசாத்தாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கணபதி என்ற ஊருக்கு வடக்கே நஞ்சேகவுண்டன்காடு பேரூராட்சியில், நாலாவது தெருவின் கடைசியில் இருந்த கோர் ஷெட்டு அவளுடையது. மோட்டார் பம்புக்குள் தண்ணீர் ஓடுவதற்கு ஒரு வெற்றிடம் வேண்டும். இரும்பை வார்க்கும்போதே அந்த வெற்றிடத்தின் உருவத்தில் மணலைப் பிடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். இரும்பு ஆறியதும் மணலைத் தட்டிக் கொட்டிவிடலாம். அந்த மணல் உருவத்துக்குப் பெயர்தான் கோர். மணலில் எண்ணெய் கலந்து, பெட்டியில் அடைத்துத் தட்டி, உடையாமல் எடுத்து, அடுப்பில் வேகவைக்க வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சித்தி வீட்டுக்கு வந்தவள், பதினான்கு வயதில் இன்னொருவர் பட்டறையில் அந்த வேலைக்குப் போய் உட்கார்ந்தாள். லேத்து ஓட்டிக்கொண்டிருந்த தம்பிதுரையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரின் சம்பாத்தியத்திலும் தொண்ணூற்றொன்பதில் இந்த ஷெட்டை எழுப்பினார்கள். முப்பதடி நீளம், இருபதடி அகலம், மேலே சிமென்ட் ஷீட்டு. அப்போது அங்கே தெருவும் இல்லை, எண்ணும் இல்லை. சுற்றிலும் சோளத்தட்டுதான் நின்றது.

வீடுகள் பிறகு வந்தன. அதற்கும் பிறகு ஒரு வரைபடம் வந்தது. அதில் நாலாவது தெரு முழுவதும் மஞ்சள் நிறம். மஞ்சள் என்றால் குடியிருப்பு மட்டும்தான். அந்த மஞ்சளுக்கு நடுவில் ஷெட்டு ஒன்று இருப்பது வரைந்தவர்களுக்குத் தெரியாதா, தெரிந்தும் பூசிவிட்டார்களா, யாருக்கும் தெரியாது. முன்னமே இருந்தது இருந்துவிட்டுப் போகட்டும், பழுது பார்த்துக்கொள்ளலாம், புதிதாகக் கட்டத்தான் கூடாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ராசாத்தாளும் புதிதாக எதையும் கட்ட நினைக்கவில்லை.

போன மே மாதம் பன்னிரண்டாம் தேதி, மூன்று மணி சுமாருக்குக் காற்று வந்தது. மழைக்கு முன்னால் வரும் வெறும் காற்றுதான். இருபது நிமிஷம். கூரை ஷீட்டு அத்தனையும் அப்பளம் போல நொறுங்கிப் போயிற்று. கிழக்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. மேற்குச் சுவரின் மேல் பாகம் பக்கத்து வீட்டு மதிலை எட்டிப் பார்ப்பது போல வளைந்து நின்றது. வேலையில் இருந்த நாலு பொம்பளைகளும் அடுப்புப் பக்கம் ஒண்டிக்கொண்டதால் பிழைத்தார்கள்.

மறுநாளே ராசாத்தாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய், பழுது பார்க்க அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். அதே தெருவில் அனுமதி கேட்காமல் மூன்றாவது மாடி ஏற்றியவர்கள் உண்டு. சாக்கடை மேல் படிக்கட்டுக் கட்டியவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்கு யாரும் டேப்பைத் தூக்கிக்கொண்டு போனதில்லை. முறையாகக் கேட்டவள் வீட்டுக்குத்தான் வந்தார்கள்.

வந்தவர் பெயர் தீபக். கட்டடப் பிரிவில் உதவிப் பொறியாளர். முப்பது வயது இருக்கலாம். மரியாதையான பிள்ளை. நாற்காலியில் உட்கார்ந்து மோரை வாங்கிக் குடித்தார். "நல்லா இருக்குதுங்கம்மா" என்றார். அப்புறம் எழுந்து அளந்தார். சுற்றி வந்து நோட்டில் குறித்தார். மறுபடியும் ஒருமுறை சுற்றி வந்தார்.

"கஷ்டமுங்கம்மா" என்றார்.

"என்னுங்க சார்?"

"சுத்துச் செவுரு மொத்தம் நூறடிங்க. அதுல அறுவதடி இல்ல. பாதிக்கு மேல போயிருச்சுன்னா அது ரிப்பேர்ல வராதுங்கம்மா. புதுக் கட்டடம்னு ஆயிரும். இந்தத் தெருவுல புதுசா கட்டறதுன்னா ஊடுதான் கட்டோணும். ரெண்டு பக்கமும் எடம் வேற உடோணும்."

தம்பிதுரை முன்னால் வந்தார். "காத்துல உழுந்தது கெழக்குச் செவுரு மட்டுந்தானுங்க தம்பி. முப்பதடி. இந்தப் பக்கத்த நாங்களாத்தான் எறக்கினோம். நேத்துத்தானுங்க. கொத்தனாரக் கேட்டுப் பாருங்க."

"அப்படின்னா இன்னும் சிக்கலுங்க. அனுமதி இல்லாம இடிச்சதா ஆயிருமுங்களே" என்றார் தீபக். சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ராசாத்தாள் மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முதலில் தன் மேல்தான் வந்தது. கண்ணையா தட்டிக் காட்டியபோது கேட்டிருந்தால் இந்நேரம் ஆறடி உயரத்துக்குச் சுவர் நின்றிருக்கும். நாள் கணக்கில் அவள் அந்தக் கோபத்தையே தின்று, அந்தக் கோபத்தையே உடுத்திக்கொண்டு திரிந்தாள். தம்பிதுரை பேச்சுக் கொடுத்தால், "என்ர வாயிலதான வந்துச்சு, எறக்குங்கன்னு" என்பாள்.

அதற்குப் பிறகு அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தார்கள். திங்கட்கிழமை போனால் வியாழக்கிழமை வா என்றார்கள். வியாழக்கிழமை போனால் தீபக் சைட்டுக்குப் போயிருந்தார். விதிவிலக்கு கேட்டு ஒரு மனு கொடுங்கள் என்றார்கள். கொடுத்தாள். அதற்கு அக்கம்பக்கத்தார் ஆட்சேபணை கேட்க வேண்டும், அதற்கு ஒரு விசாரணை வைக்க வேண்டும், அதற்கு மேடத்துக்கு நேரம் வேண்டும் என்றார்கள். அலுவலகச் சுவரில் சாய்ந்து கிடந்த மரப் பெஞ்சில் அவள் உட்கார்ந்து எழுந்த நாட்களுக்குள் ஜூன் முடிந்துவிட்டது. அடுப்பு வானத்தைப் பார்த்துக்கொண்டு தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடித்தது. கோர் வாங்கிக்கொண்டிருந்த, இரும்பு வார்க்கும் பவுண்டரிக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நாலு பொம்பளைகளில் இரண்டு பேர் திருப்பூர் பனியன் கம்பெனி வண்டியில் ஏறிவிட்டார்கள்.

ராசாத்தாள் அதிகம் பேசுகிறவள் அல்ல. ஆனால் பார்க்கிறவள். கோர் வேலைக்கு அதுதான் வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்ணில் பட வேண்டும். அந்தக் கண்ணோடுதான் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜூலை முதல் வாரத்தில் ஒரு நாள், தீபக் மேஜை மேல் கோப்புக் கட்டைப் பிரித்துப் புரட்டினார். நடுவில் ஒரு போட்டோ தலைகீழாக நகர்ந்து போனது. கூரையில்லாத ஷெட்டு. மேலே மட்டும் வளைந்து, கீழே நேராக நிற்கும் சுவர். அதற்குக் கீழே குத்தியிருந்த காகிதத்தில் முத்து முத்தான எழுத்து.

அந்த எழுத்தைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அள்ளவில்லை என்று ஊருக்காக மனு எழுதும் நரசிம்மலுவின் எழுத்து. மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் அவர்தான். மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஷெட்டு வந்து பத்து வருஷம் கழித்து வீடு கட்டிக் குடிவந்து, அன்றிலிருந்து எண்ணெய்ப் புகைக்காக அவளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர்.

"அது என்ர ஷெட்டு போட்டோதானுங்க சார்?" என்றாள்.

தீபக் கட்டை மூடினார். "அது வேற மனுங்கம்மா. உங்க மனுவுக்கு அதுல சம்பந்தமில்ல."

வீட்டுக்குப் போகாமல் நேராக நரசிம்மலு வாசலில் போய் நின்றாள். அவர் ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்கண்ணா, என்ர ஷெட்டப் பத்தி ஆபீசுக்கு எழுதிப் போட்டீங்களா?"

"போட்டேன் அம்மணி. உன் செவுரு என் காம்பவுண்டு மேல படுக்க வாரப்ப, கல்யாணப் பத்திரிகையா அடிக்க முடியும்?"

"எப்பப் போட்டீங்க?"

"காத்தடிச்சதுக்கு மறுநாளே. நானே கொண்டு போய்க் குடுத்து சீல் வாங்கிட்டேன். பேரனக் கூப்புட்டு போட்டோ புடிச்சு, பிரிண்டு போட்டு வெச்சேன். சும்மா எழுதுவனா? அளவோட எழுதியிருக்கேன்."

"அளவோடயா?"

"பின்னே? எத்தனை அடி சாஞ்சிருக்குது, எத்தனை அடி நிக்குது, எல்லாம். ஆனா பாரு, ஒரு பதில் போடல. ரெண்டு மாசமாச்சு. கழுதைக்குத் தின்னக் குடுத்துட்டானுக போல."

ராசாத்தாள் தேதிகளை விரலில் எண்ணினாள். அந்தச் சுவர் நின்றது பதின்மூன்றாம் தேதியே அலுவலகத்துக்குத் தெரியும். போட்டோவோடு தெரியும். தெரிந்துகொண்டுதான் பதினேழாம் தேதி வந்து மோர் குடித்தார்கள். தெரிந்துகொண்டுதான் அறுபதடி என்று எழுதினார்கள். இரண்டு மாதமாகத் தன்னைத் தானே தின்றுகொண்டிருந்த கோபம் அன்றைக்குத்தான் போய்ச் சேர வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்தது.

அவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை. "இருவதாந் தேதி விசாரணைங்கண்ணா. உங்களுக்கும் நோட்டீசு வந்திருக்குமே" என்றாள்.

"வராம? புகையப் பத்தி நாலு பக்கம் எழுதி வெச்சிருக்கேன்."

"வந்து தாராளமா சொல்லுங்க" என்று திரும்பி நடந்தாள்.

விசாரணை, அலுவலக மாடியில் ஒரு நீள அறையில். மேஜைக்கு அந்தப் பக்கம் செயல் அலுவலர். எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் நடுவயது அம்மாள். பக்கத்தில் தீபக். எதிரே ராசாத்தாள், தம்பிதுரை, ஒரு நாற்காலி தள்ளி நரசிம்மலு. அவர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார்.

தீபக் அறிக்கையைப் படித்தார். சூறைக்காற்றால் சுவரில் அறுபது சதவீதம் சேதம். கட்டடம் பயன்பாட்டு விதிக்கு மாறானது. பழுதுபார்ப்பு என்ற வகையில் வராது. எனவே மனுவை நிராகரிக்கலாம்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் மேடம்.

ராசாத்தாள் எழுந்தாள். தம்பிதுரை சேலைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தார். அவள் அதை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க. இந்த அண்ணன் மே மாசம் ஒரு மனுக் குடுத்தாரு. அத ஒருக்கா வாசிக்கச் சொல்லுங்க. அது போதுமுங்க."

"மேடம், அது தனி மனு. இதுல வராது" என்றார் தீபக்.

நரசிம்மலு நிமிர்ந்து உட்கார்ந்தார். "தனி மனுவா? அப்ப அத இன்னும் ஆரும் படிக்கவே இல்லியா?"

"படிச்சோமுங்க சார்..."

"படிச்சா பதில் வரோணுமில்ல? முப்பத்தாறு வருசம் மில்லுல காயிதம் எழுதுனவனப்பா நானு. ஒரு புள்ளி தப்பா வெச்சதில்ல. நல்லா கட்டுக்குள்ள சொருகி வெச்சுட்டுப் படிச்சேங்கறியே! மேடம், குடுக்கச் சொல்லுங்க. நானே வாசிக்கறேன்."

மேடம் கையை நீட்டினார். தீபக் கட்டைப் பிரித்துக் காகிதத்தை எடுத்தார். நரசிம்மலு கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று, மேடையில் நிற்பவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"பெருமதிப்பிற்குரிய ஐயா. எனது வீட்டிற்குக் கிழக்கே உள்ள தொழிற்கூடத்தின் மேற்குச் சுவர், ஒன்பது அடி உயரத்தில், மேல் மூன்று அடி மட்டும் எனது மதிலை நோக்கிச் சாய்ந்துள்ளது. கீழ் ஆறு அடி உறுதியாக உள்ளது. நானே தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். எனவே மேற்படி மூன்று அடியை மட்டும் இறக்கிச் சரிசெய்யுமாறு உரிமையாளருக்கு உத்தரவிட வேண்டுகிறேன்."

வாசித்து முடித்து, எப்படி என்பது போல எல்லோரையும் பார்த்தார். மேடம் காகிதத்தை வாங்கிப் போட்டோவைப் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார்.

"பதிமூணாந் தேதி வந்திருக்கு. நீங்க எப்ப அளந்தீங்க?"

"பதினேழுங்க மேடம்" என்றார் தீபக்.

"இத பாத்துட்டுத்தான் போனீங்களா?"

"பாத்தேங்க மேடம். ஆனா நான் போனப்ப செவுரு இல்லீங்களே. இருக்கறதத்தான அளக்க முடியும்."

நரசிம்மலுவுக்கு அப்போதுதான் விளங்கியது. தான் யாருக்குச் சாட்சி சொல்லி முடித்திருக்கிறோம் என்று தெரிந்து, கண்ணாடியைக் கழற்றி, புகையைப் பற்றி எழுதிக்கொண்டு வந்த நாலு பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க சார்" என்றாள் ராசாத்தாள். "நீங்க குந்துன சேரு எங்க போட்டிருந்துச்சுன்னு நெனப்பிருக்குதுங்களா? அந்தச் செவுரு சரிஞ்சா உழுகற எடத்துல. நெழலு அங்கதான் இருந்துச்சு. உங்க தலைமேல உழுகக் கூடாதுன்னுதான நான் அத எறக்குனேன்? இல்லீன்னா எனக்கென்னங்க, இன்னிக்கும் நின்னுட்டுத்தான இருக்கும்? அந்தச் செவுரு நிக்கற போட்டோவ மேசையில வெச்சுக்கிட்டு, என்ர ஊட்டு மோரக் குடிச்சுப்போட்டு, காத்துல போச்சுன்னு எழுதியிருக்கறீங்க. ரெண்டு மாசம் அந்தப் பெஞ்சுல குந்த வெச்சீங்க. ஒரு நா, ஒரே ஒரு நா, அம்மா இப்படியொரு காயிதம் இருக்குதுன்னு சொல்லியிருந்தா உங்க வாயி வெந்தா போயிரும்?"

"அம்மா, அம்மா, உக்காருங்க" என்றார் மேடம்.

"குந்திக் குந்தித்தானுங்க மேடம் இடுப்பு போச்சு. நான் நிக்கறேன்."

மேடம் பேனாவை எடுத்து அறிக்கையின் ஓரத்தில் எதையோ எழுதினார். காற்றில் சேதம் முப்பது அடி, பழுதுபார்க்க அனுமதிக்கலாம், அதே அஸ்திவாரம், அதே உயரம் என்று வாய்விட்டும் சொன்னார். ஒரு வாரத்தில் ஆர்டரை வாங்கிக்கொள்ளலாம் என்றார்.

வெளியே வந்ததும் நரசிம்மலு படியில் நின்றார். "அம்மணி, நீ பலே ஆளு. என் கையாலயே என் கண்ணக் குத்த வெச்சுட்டியே" என்றார்.

"நீங்க உள்ளதத்தான எழுதியிருந்தீங்கண்ணா. அந்தக் கட்டுல இருந்த காயிதத்துல அதொண்ணாவது உண்மையா இருந்துச்சே" என்றாள்.

"புகைக்கு நான் விட மாட்டேன், பாத்துக்க."

"உடாதீங்க. புகைபோக்கிய உசத்தறேன். பொறவு சண்டைக்கு வாங்க."

ஒரு வாரம் கழித்துப் போனபோது ஆர்டர் தட்டச்சாகி இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி தீபக் நீட்டினார். தம்பிதுரை பேனாவைத் திறந்துவிட்டார். ராசாத்தாள் நின்றபடியே எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவசரப்படவில்லை. இரண்டாவது பத்தியில் நின்றாள்.

"மனுதாரர் அனுமதியின்றிச் சுவரை இடித்த தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியதால், கருணை அடிப்படையில்..." வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் எப்பங்க சார் மன்னிப்புக் கேட்டேன்?"

"அது சும்மா பார்மாலிட்டிங்கம்மா. எல்லா ஆர்டர்லயும் அப்படித்தான் வரும்."

"நான் கேக்காத மன்னிப்பு எப்படிங்க வரும்?"

"ஏ புள்ள, போட்டுட்டு வா. கண்ணையா வேற சோலிக்கு ஒத்துக்கிட்டா இன்னும் ஒரு மாசம் போயிரும்" என்று தம்பிதுரை காதோடு சொன்னார். அவர் சொன்னதும் பொய் இல்லை. ஆடிக் காற்று ஏற்கெனவே வீச ஆரம்பித்திருந்தது. மீதி இரண்டு சுவரும் தாங்குமா என்று தினமும் அவளே போய்த் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் அவள் பேனாவைத் தொடவில்லை. "மாமா, அடுத்த காத்துக்கு இந்தக் காயிதத்தத்தான் எடுத்து நீட்டுவாங்க. மொதல்லயே இடிச்ச பொம்பளைதான, மன்னிப்புக் கேட்டவதானன்னு. அப்ப எந்த அண்ணன் வந்து வாசிப்பாரு?" என்று சொல்லிவிட்டு, தீபக்கிடம் காகிதத்தைத் திருப்பி வைத்தாள். "இந்த வரிய எடுத்துருங்க சார். அதுவரைக்கும் நான் போகல."

"மேடம் கையெழுத்துப் போட்டாச்சுங்கம்மா."

"இன்னொருக்கா போடட்டும்."

"மறுபடி டைப் பண்ணோணும். ஆள் இல்லீங்க."

"ஆள் வரட்டும்."

தீபக் முகம் சிவந்தது. "நீங்க பேசறது சரியில்லீங்கம்மா. உதவி செய்யறவங்ககிட்ட..."

"உதவியா?" என்றாள். அறையில் இருந்த மற்ற மேஜைக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்ர செவுத்த நான் கட்டறதுக்கு நீங்க உதவியா செய்யறீங்க? கருணைன்னு எழுதியிருக்கறீங்களே, ஆரு ஆருக்குங்க கருணை காட்டுனது? உங்க தலைய நெனச்சு ஒரு செவுத்த எறக்குனவ நானு. கருணைன்னு போடறதா இருந்தா என்ர பேருக்குப் பக்கத்துல போடுங்க."

பியூன் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். சத்தம் கேட்டு மேடம் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். காகிதத்தை வாங்கிப் படித்தார். தீபக்கை ஒரு பார்வை பார்த்தார். "இந்த வரி எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். பதில் வருவதற்கு முன்பே குறுக்கே ஒரு கோடு போட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்திட்டு, "புதுசா அடிச்சுக் குடுங்க, இப்பவே" என்றார்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ராசாத்தாள் பெஞ்சில் உட்காரவில்லை, தீபக் மேஜைக்கு முன்னாலேயே நின்றாள். புது ஆர்டர் வந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மறுபடியும் எழுத்துக் கூட்டிப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

ரோட்டுக்கு வந்ததும் தம்பிதுரை கண்ணையாவுக்குப் போன் போட்டார். நாளை ஆறு மணிக்கு வருகிறேன் என்று பதில் வந்தது. அவர் முகம் தெளிந்தது. "அதான் கெடைச்சிருச்சே. இன்னும் எதுக்குப் புள்ள மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே?" என்றார்.

"கெடைச்சது நம்முளுதுதானுங்க, மாமா. அதுக்கு எழுவது நாளு." அவள் நடையைக் குறைக்கவில்லை.

தம்பிதுரை பின்னால் வந்துகொண்டே ஆர்டரின் கடைசிப் பத்தியைப் படித்தார். "இங்க ஒண்ணு போட்டிருக்குது பாரு. வேலை முடிஞ்சதும் அந்தத் தம்பியே வந்து மறுக்கா அளப்பாராமா. நீளம், ஒசரம், எல்லாம்."

"வரட்டுமுங்க. டேப்போட இன்னொரு முனைய நானே புடிச்சுக்கறேன். அவரு எழுதறத அங்கியே படிச்சுக் காட்டச் சொல்றேன். பொறவுதான் வண்டிய எடுக்க உடுவேன்."